3 ஏன் பிரிமிட்டிவ் ரூட் ஆகாது? அவசர உதவி தேவை

வைகறை: நாளை தேர்வு. மட்டால் (வகுக்கும் எண்ணால்) வகுத்து மீதி பார்த்தால், 3-இன் 20ஆம் அடுக்கு −1 என்று வருகிறது, 1 வரவில்லை. ஆகவே 40ஆம் அடுக்கில்தான் முதன்முதலாக 1 வரும் என்று கொண்டு, 3 பிரிமிட்டிவ் ரூட் (மட்டோடு பொதுக் காரணியில்லாத எல்லா மீதிகளையும் தன் அடுக்குகளாலேயே தரும் எண்) என எழுதினேன். விடைப்பக்கமோ மிகச் சிறியது 6 என்கிறது. அச்சுப்பிழையா?

எண்நேசன்: மட்டு எது என்று எழுதவே இல்லையே? அது பகு எண்ணாக இருக்கும் என்பது என் ஊகம். 1, 2, 4, ஒற்றைப்படைப் பகா எண்ணின் அடுக்குகள், அவ்வடுக்குகளின் இருமடங்கு ஆகியவற்றைத் தவிர வேறு எண்களுக்குப் பிரிமிட்டிவ் ரூட் கிடையாது.

தென்கரை: 40 என்கிறாரே, 41 ஆகத்தான் இருக்கும்.

எண்நேசன்: அப்படிச் சொல்ல முடியாது. 55-க்கும் 100-க்கும்கூட அவற்றைவிடச் சிறிய, அவற்றோடு பொதுக் காரணியில்லாத எண்கள் 40தான்.

வைகறை: 41தான் ஐயா.

மீதி ஒன்று: வரிசையின் (முதன்முதலாக மீதி 1 தரும் அடுக்கின்) வரையறையைப் படிக்காமல் அச்சகத்தின் மீது பழி போடுவது இங்கே வாடிக்கையாகிவிட்டது. வரிசை 40-ஐ வகுக்க வேண்டும். 40-இன் பகா காரணிகள் 2, 5 என்பதால், 20ஆம் அடுக்கோடு (40/2) 8ஆம் அடுக்கையும் (40/5) சோதித்தாக வேண்டும். 3-இன் 4ஆம் அடுக்கு 81 = 2×41 − 1, அதாவது −1. எனவே 8ஆம் அடுக்கிலேயே 1 வந்துவிடுகிறது. 6-க்கு 8ஆம் அடுக்கு 10, 20ஆம் அடுக்கு −1. இரண்டும் 1 அல்ல, ஆகவே 6-இன் வரிசை 40.

தென்கரை: இவ்வளவு கடுமை எதற்கு? தசம பின்னங்களிலிருந்து தொடங்கினால் இது எளிதில் விளங்கும்: சுழலும் இலக்கங்களின் எண்ணிக்கையே 10-இன் வரிசை. 1/7-இல் 142857 என்ற 6 இலக்கங்கள் சுழல்வதால் 10 என்பது 7-க்குப் பிரிமிட்டிவ் ரூட். 1/41-இல் 02439 என்ற 5 இலக்கங்களே சுழல்வதால் 41-க்கு அது ஆகாது. கணித மேதை காஸ் 1801-இல் வெளியிட்ட நூலிலும் இத்தொடர்பு உண்டு.

மீதி ஒன்று: அது 10-ஐப் பற்றி மட்டுமே பேசுகிறது. கேள்வி 3-ஐப் பற்றியது.

வைகறை: 2, 4, 5 மூன்றையும் சோதித்தேன், 20ஆம் அடுக்கிலேயே 1 வந்து விழுந்துவிட்டன. 6 சரி. நன்றி.

தென்கரை: 10-ஐப் பற்றி மட்டும் என்று அலட்சியமாகச் சொல்ல வேண்டாம். எண்ணற்ற பகா எண்களுக்கு 10 பிரிமிட்டிவ் ரூட் ஆகுமா என்பதே இன்னும் நிறுவப்படவில்லை. கணிதவியலர் ஆர்ட்டின் 1927-இல் முன்வைத்த ஊகத்தில் அதுவும் அடங்கும்.

எண்நேசன்: ஹூலி 1967-இல் நிறுவினாரே?

மீதி ஒன்று: இன்னும் நிறுவப்படாத பொதுமைப்படுத்தப்பட்ட ரீமான் கருதுகோள் உண்மை என்று கொண்டால் மட்டுமே. நிபந்தனையை விட்டுவிட்டு முடிவை மட்டும் சொல்லக்கூடாது.