வீட்டுக்கே வரும் எக்ஸ்ரே: இடுப்பு அடிக்குச் சரிப்படுமா?

கேள்வி (கானாடுகாத்தான்)
வணக்கம். எங்க 84 வயது ஆயா (பாட்டி) நேற்று வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) வழுக்கி விழுந்துட்டாங்க. வலது இடுப்பில் வலி, நிற்க முடியலை. படுத்தபடி காலை லேசா அசைக்கிறாங்க. டாக்டர் எக்ஸ்ரே கேட்கிறார். காரைக்குடியிலிருந்து வீட்டுக்கே வந்து எடுக்க ஆள் இருக்காங்க. பழைய வீடு, ஆயா படுத்திருப்பது இரண்டாம் கட்டு (உள்ளே தள்ளி இருக்கும் பகுதி). ஆஸ்பத்திரியில் எடுப்பது போலத் தெளிவா வருமா? வீட்டில் குழந்தைகள் இருக்காங்க, கதிர்வீச்சு பயமா இருக்கு. என்ன தயார் செய்யணும்?

பதில் 1 (எலும்பு மருத்துவர்)
முதலில் இரண்டு குதிகாலையும் சேர்த்துப் பாருங்க. வலது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமா சாய்ந்து கிடந்தால் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். அப்படியானால் வீட்டு எக்ஸ்ரேக்குக் காத்திருக்காம 108-ஐக் கூப்பிடுங்க. அறுவை சிகிச்சைக்கு எப்படியும் ஆஸ்பத்திரியில் திரும்ப எடுப்பாங்க. 48 மணி நேரத்துக்குள் அறுவை முடிந்தால் படுக்கைப்புண், நிமோனியா அபாயம் குறையும்.

கால் சமமா இருந்தால் வீட்டில் எடுப்பது பயனுள்ளதுதான். ஆனால் படம் ‘நார்மல்’ என்று வந்தாலும் அதோடு விட்டுடாதீங்க. மயிரிழை விரிசல் முதல் படத்தில் தெரியாமலே போகும். காலை ஊன்ற முடியலைன்னா சிடி அல்லது எம்ஆர்ஐ கட்டாயம். அதுவரை எண்ணெய் போட்டு நீவ யாரையும் விடாதீங்க. ஒன்றோடொன்று செருகி நிற்கும் முறிவு, நீவினால் விலகிடும்.

கேள்வி கேட்டவர்
கால் இரண்டும் சமமாத்தான் இருக்கு டாக்டர். ரொம்ப நன்றி. வீட்டிலேயே எடுக்கிறோம்.

பதில் 2 (ரேடியோகிராபர், தேவகோட்டை)
போனில் கேட்க வேண்டியது இரண்டு. கிரிட் (சிதறும் கதிரை வடிகட்டும் தட்டு) கொண்டு வருவாங்களா? இயந்திரம் எத்தனை மில்லிஆம்பியர் (கதிரின் சக்தியைக் காட்டும் அளவு)? இடுப்பில் சதை தடிமன், சிதறும் கதிர் அதிகம். கிரிட் இல்லாம எடுத்தால் படம் வெளிறிப் போய் எலும்பின் ஓரம் கலங்கிடும். கையடக்க பேட்டரி இயந்திரம் மார்புக்கும் கைக்கும் போதும். இடுப்புக்குச் சக்தி பத்தாது, நேரம் நீளும், கொஞ்சம் அசைந்தாலும் மங்கல். ஏஇஆர்பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) உரிமம் உண்டா என்றும் கேளுங்க.

சக்கரம் வைத்த பெரிய இயந்திரம் பல நூறு கிலோ, நிலைப்படி தாண்டாது. எத்தனை படி என்று முன்கூட்டியே சொன்னால் கழற்றித் தூக்கும் வகையைக் கொண்டு வருவாங்க.

கயிற்றுக் கட்டில் வேண்டாம். பள்ளத்தில் டிடெக்டர் (உடம்புக்கு அடியில் வைக்கும், படம் பதியும் தட்டு) சாய்ந்தால் கிரிட் கதிரைத் தடுத்து, படத்தின் ஒரு பக்கம் வெளிறிப்போகும். தேக்குக் கட்டிலில் மெல்லிய விரிப்பு போதும். ஆயாவுக்கு அடியில் முன்னாடியே ஒரு கெட்டி போர்வையை விரிச்சு வைங்க. இரண்டு பக்கமும் ஆள் நின்று போர்வையோடு சேர்த்துத் தூக்கினால், நடுவில் டிடெக்டரைச் செருகிடலாம். அடிபட்ட பக்கமா புரட்டவே கூடாது. சேலைக் கொசுவத்தை இடுப்பிலிருந்து விலக்கி, ஊக்கு, அரைஞாணைக் கழற்றிடுங்க. கொசுவ மடிப்பு படத்தில் விரிசல் கோடு மாதிரியே விழும்.

இரண்டு இடுப்பும் ஒரே படத்தில் வரணும், வலதுக்குப் பக்கவாட்டுப் படம் ஒன்று தனியா. பக்கவாட்டுக்கு நல்ல காலைத் தூக்கிப் பிடிக்கணும். பிடிப்பவர் ஈய ஏப்ரன் போட்டுக்கணும், அவர் கர்ப்பிணியா இருக்கக் கூடாது. முறிவு சந்தேகம் இருக்கும்போது வலி காலை உள்பக்கமாத் திருப்ப விடாதீங்க.

கதிர்வீச்சு அந்த ஒரு நொடிக்குள் முடிஞ்சுடும், அறையில் எதுவும் தங்காது. தூரம் இரண்டு மடங்கானால் அளவு நாலில் ஒன்றாகும். குழந்தைகளை முகப்புக்கு அனுப்பிட்டால், இடையில் உள்ள கனத்த செங்கல் சுவரே போதும்.

பதில் 3 (மின் பணியாளர்)
பேட்டரி இல்லாத இயந்திரம் என்றால் 15 ஆம்பியர் பிளக் வேணும். பழைய வயரிங்கில் சுவிட்ச் அழுத்தும் நொடியில் வோல்டேஜ் இறங்கும், கதிர் குறைந்து படத்தில் புள்ளி புள்ளியா வரும். ஏசி பிளக்கிலிருந்து 2.5 சதுர மிமீ ஒயரில் எக்ஸ்டென்ஷன் இழுங்க. சுருட்டி வைக்காம முழுசும் விரிச்சுப் போடுங்க. எர்த் வேலை செய்யுதான்னு டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்க. அந்த நேரம் மோட்டார், ஏசி ஓட வேண்டாம்.

பதில் 2 (மீண்டும்)
ஒன்று விட்டுப்போச்சு. வாட்ஸ்அப்பில் போட்டோவா அனுப்பினால் படம் சுருங்கி நுணுக்கம் போயிடும். டைகாம் கோப்பை (நுணுக்கம் குறையாத அசல் எக்ஸ்ரே கோப்பு) பென்டிரைவில் வாங்குங்க. ஆட்கள் கிளம்பும் முன் வலது, இடது குறி, பெயர், தேதி விழுந்திருக்கா என்று பாருங்க. குறி இல்லைன்னா அப்பவே கேட்டுப் போடச் சொல்லுங்க.