வீட்டில் செய்த கேம் சீட்டு எல்லாம் வளைகிறது, அவசரம்

மழைக்காக்கை: நானே யோசித்த போர்டு கேமுக்குச் சீட்டு செய்கிறேன். பிரிண்ட் எடுத்து அட்டையில் ஒட்டி வைத்தேன். காலையில் பார்த்தால் எல்லாம் அப்பளமாக வளைந்து கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விளையாட ஆட்கள் வருகிறார்கள். என்ன செய்யலாம்?

கட்டர்பிளேடு: என்ன அட்டை? என்ன பசை? பிரிண்டர் இங்க்ஜெட்டா லேசரா?

வடக்குவாசல்: மழைக்காலம் சார், அட்டை ஈரம் இழுத்திருக்கும். துணி விரித்து அயர்ன் பண்ணுங்கள்.

கட்டர்பிளேடு: லேசர் பிரிண்டாக இருந்தால் டோனர் (அதன் மைப்பொடி) இளகித் துணியில் ஒட்டிக்கொள்ளும். அவர் பதில் சொல்லட்டும்.

மழைக்காக்கை: சாதாரண அட்டைதான். மரவேலைக்குப் போடும் வெள்ளைப் பசை.

கட்டர்பிளேடு: சாதாரண அட்டை என்றால்? பைண்டிங்குக்குப் போடும் கெட்டி மில்போர்டா, சார்ட்டா, புதுச்சட்டைக்குள் வருமே அதுவா? பிரிண்ட் ஒரு பக்கம் மட்டும்தானா?

மழைக்காக்கை: சட்டை அட்டை. ஒரு பக்கம்தான். லேசர்.

பழையசிப்பாய்: இதை இங்கே எத்தனை தடவை பேசியாகிவிட்டது! தேடிப் பார்க்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. முதல் புரோட்டோடைப்புக்கு (சோதனை மாதிரிக்கு) பிரிண்ட் எதற்குத் தம்பி? வெள்ளைத் தாளைக் கிழித்துப் பேனாவால் எழுதி ஆடுங்கள். ஆட்டம் சொதப்பினால் அத்தனையும் குப்பைக்குத்தான் போகும்.

தையல்நூல்: ஐயா, அவர் கேட்டது அது இல்லையே. @மழைக்காக்கை, நான் பைண்டிங் வேலை செய்கிறவள். அந்தப் பசையில் தண்ணீர் இருக்கிறது. தாள் ஈரத்தில் விரிந்த நிலையில் ஒட்டிக்கொள்கிறது, காயும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கிறது. மறுபக்கமும் அதே தாளை அதே பசையில் ஒட்டினால் இரண்டு இழுப்பும் சமமாகும். இரண்டு தாளின் நார்வாட்டமும், அதாவது தாளுக்குள் நார்கள் ஓடும் போக்கும், ஒரே திசையில் இருக்க வேண்டும். அப்புறம் ராத்திரி முழுக்கக் கனமான புத்தகங்களின் அடியில் வையுங்கள். போர்டுக்கு 2 மி.மீ. மில்போர்டு எடுத்தாலும் இதே கதைதான், ஒரு பக்கம் மட்டும் ஒட்டக் கூடாது. சீட்டுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். A4 ஸ்டிக்கர் ஷீட்டில் பிரிண்ட் எடுத்து ஒட்டுங்கள், அதில் தண்ணீரே இல்லை.

கட்டர்பிளேடு: பசையே வேண்டாம். சீட்டு போடும் பிளாஸ்டிக் ஸ்லீவுக்குள் (உறைக்குள்) ரம்மி சீட்டு ஒன்று, அதன் முன்னால் உங்கள் தாள். ஆட்டத்தில் மாற்றம் வந்தால் தாளை மட்டும் உருவி மாற்றலாம். வெட்ட இரும்பு ஸ்கேலும் புது பிளேடும் போதும். ஒரே இழுப்பில் வெட்டாதீர்கள், லேசாக இரண்டு மூன்று தடவை இழுங்கள். பிளாஸ்டிக் ஸ்கேல் வேண்டாம், பிளேடு அதைச் சீவிவிடும்.

பழையசிப்பாய்: ஸ்லீவ், ஸ்டிக்கர்! காசைக் கொட்டச் சொல்லிக் கொடுக்கிறீர்கள். டைஸுக்குக்கூட நான் ஆறு சோழிதான் வைத்திருக்கிறேன்.

தாயம்12: டைஸில் ஆறு எண்ணும் சமமாக விழும். சோழியில் நடு எண்கள்தான் அடிக்கடி வரும், ஆறும் மல்லாந்து விழுவது அபூர்வம். ஆட்டத்தின் கணக்கே மாறிவிடுமே?

பழையசிப்பாய்: எங்கள் பாட்டி கணக்குப் பார்த்தா தாயம் ஆடினாள்?

தாயம்12: பாட்டி ஆடிய தாயம் அந்தக் கணக்குக்கு ஏற்ப அமைந்த ஆட்டம். நாலு பக்கக் கட்டை இரண்டிலும் வெறும் பக்கம் விழுந்தால் 12. அது பதினாறில் ஒரு தடவைதான் வரும்.

பழையசிப்பாய்: உருட்டிப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

வடக்குவாசல்: அயர்ன் பற்றி யாருமே பதில் சொல்லவில்லை.

தையல்நூல்: சொன்னாரே சார், டோனர் இளகும்.

மழைக்காக்கை: ஸ்லீவ் வாங்கிப் போட்டுவிட்டேன், நேராக நிற்கிறது. நன்றி. ஆனால் எல்லாத் தாளும் ரம்மி சீட்டைவிடக் கொஞ்சம் சின்னது, உள்ளே நழுவுகிறது. 63க்கு 88 மி.மீ. என்றுதான் வரைந்திருந்தேன்.

கட்டர்பிளேடு: பிரிண்ட் கொடுக்கும்போது 'ஃபிட் டு பேஜ்' இருந்திருக்கும், அது பக்கத்துக்குள் அடங்கும்படி எல்லாவற்றையும் சுருக்கிவிடும். அதை எடுத்துவிட்டு 100% வையுங்கள். A4இல் ஒன்பது சீட்டு தாராளமாக அடங்கும்.

தாயம்12: ஞாயிறு ஆட்டம் எப்படிப் போனது?

பழையசிப்பாய்: வரமாட்டார். வேலை முடிந்ததும் யார் வந்திருக்கிறார்கள்?