லேண்ட்ஸ் எண்டிலிருந்து ஜான் ஓ'க்ரோட்ஸ் வரை தனியாக: நந்தி மலைப் பயிற்சி போதுமா?

அல்சூர்_ஒத்தப்பெடல்:
பெங்களூர்க்காரன், எனக்கு 44 வயது. ஞாயிறு விடியற்காலை 4 மணிக்குச் சைக்கிளில் கிளம்பி நந்தி ஏறிவிட்டு, பதினொரு மணிக்குள் வீட்டில் இட்லிக்கு உட்காருகிற ரகம். பிரெவே என்கிற, நேரக்கெடு வைத்த 200 கிலோமீட்டர் சைக்கிள் பயணத்தை இரண்டு முறை நேரத்துக்குள் முடித்திருக்கிறேன். அடுத்த ஜூனில் பிரிட்டனின் தென்மேற்கு முனையிலிருந்து வடகிழக்கு மூலை வரை தனியாக மிதிக்க ஆசை. பெரிய சாலையில் 1,407 கிலோமீட்டர். கிராமத்து வழியாகச் சுற்றிப் போனால் 1,600 ஆகுமாம். கையில் 18 நாள் லீவு. சுத்த சைவம்.

நந்திப் பயிற்சி போதுமா? கூடாரம் சுமக்கலாமா, அறை எடுப்பதா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள். அம்மா வேறு, "எங்கேயாவது விழுந்து கிடந்தா யாருடா பார்ப்பா?" என்று ஒரே பாட்டு.

ஆர்டிநகர்_சித்தப்பா:
இதே வழியை 52 வயதில் 17 நாளில் முடித்தேன். முதலில் நந்தியை மறந்துவிடுங்கள். அது ஒரே ஏற்றம், ஏழெட்டு கிலோமீட்டர், மூச்சைச் சீராக்கிக்கொண்டு ஏறிவிடலாம். நீங்கள் கிளம்பும் தென்மேற்கு மாவட்டங்களான கார்ன்வாலும் டெவனும் வேறு சாதி. அரை கிலோமீட்டருக்குச் சுவர் மாதிரி ஏறும், உடனே இறங்கும், கீழே ஒரு சின்னப் பாலம், மறுபடி சுவர். இறக்கத்தில் சேர்த்த வேகத்தை அடுத்த மேட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று நினைத்தால், வளைவில் மாட்டுச் சாணி. முதல் மூன்று நாளில் எட்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன். வெட்கமெல்லாம் படவில்லை.

ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற பிரிட்டிஷ் அரசு வரைபடத்தில் சாலைமேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், ஐந்து மீட்டர் போனால் ஒரு மீட்டருக்கு மேல் ஏற்றம் என்று அர்த்தம். அதைப் பார்த்தால் வேறு வழி தேடுங்கள். பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் 34 பல்லாவது இருக்கட்டும்.

வேடிக்கை என்னவென்றால், நான் போன வழியில் எந்த உச்சியும் நம் பெங்களூர் உயரத்தைத் தொடவில்லை! நாம் 900 மீட்டரில் உட்கார்ந்திருக்கிறோம். வடமேற்கு இங்கிலாந்தில் லாரிக்காரர்கள் ஒரு காலத்தில் பயந்த ஷாப் மேடு 430 மீட்டருக்குள்தான். என் முழங்கால் மட்டும் இந்தக் கணக்கை நம்பவில்லை.

கூடாரம் வேண்டாம் என்பேன். ஸ்காட்லாந்தில் 2003 சட்டப்படி திறந்தவெளியில் பெரும்பாலும் எங்கேயும் தங்கலாம். இங்கிலாந்தில் பெரும்பாலும் நிலக்காரர் சம்மதம் வேண்டும். ஆக, கார்ன்வாலிலிருந்து சுமந்துகொண்டு போய் ஸ்காட்லாந்தில்தான் விரிப்பீர்கள். அங்கேயும் காற்று நின்ற சாயங்காலம் மிட்ஜ் என்ற பொடிப்பூச்சி மேகமாக வந்து மொய்க்கும். மூன்றாம் இரவே கூடாரத்தைத் தபாலில் லண்டன் மச்சான் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

என்னைப் படுத்தியது காலோ மழையோ இல்லை, சாப்பாட்டு நேரம். ஜூனில் வடக்கு ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் பக்கம் ராத்திரி பத்து மணிக்கும் நல்ல வெளிச்சம். வெளிச்சம் இருக்கிறதே என்று மிதித்துக்கொண்டே இருந்தால், ஊர் வந்து சேரும்போது பப்பில் சமையலறை மூடியிருக்கும். ஏழரைக்கெல்லாம் தட்டுமுன் உட்கார்ந்துவிடுங்கள். சைவத்துக்குத் தோலோடு சுட்ட பெரிய உருளைக்கிழங்கு எங்கும் கிடைக்கும். அதைப் பிளந்து வீட்டுப் புளிக்காய்ச்சல் இரண்டு ஸ்பூன் விட்டுக்கொள்வேன். பக்கத்து மேசைக்காரர்கள் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

மத்திகெரெ_மிதிவண்டி:
சித்தப்பா சொல்வது சரி, ஆனால் முதல் தடவையே 1,600 எதற்கு? இங்கிலாந்தைக் குறுக்கே கடக்கும் சீ டு சீ வழி 1994-லிருந்து இருக்கிறது. ஒயிட்ஹேவனிலிருந்து டைன்மவுத்துக்குச் சுமார் 225 கிலோமீட்டர், நாலு நாள். அதை முடித்துவிட்டு மீதி லீவில் ஊர் சுற்றுங்கள்.

அல்சூர்_ஒத்தப்பெடல்:
விசாவுக்கும் விமானத்துக்கும் அவ்வளவு கொடுத்துவிட்டு நாலு நாளா? மனசு ஒப்பவில்லை. தெற்கு வடக்கு என்பது முடிவு. சித்தப்பா, குறுகிய சாலையில் வண்டிக்காரர்கள் எப்படி? அம்மாவின் பயம் அதுதான்.

ஆர்டிநகர்_சித்தப்பா:
ஹாரன் அடிக்கவே மாட்டார்கள். நம்மூர் சில்க் போர்டு நெரிசலில் மிதித்துப் பழகியவனுக்கு அதுதான் பிரச்சினை, பின்னால் வண்டி இருப்பதே தெரியாது. இரண்டு பக்கமும் ஆளுயர வேலி, நடுவில் ஒரு கார் அகலச் சாலை. திரும்பிப் பார்த்தால் டிராக்டர் ஒன்று பொறுமையாக நம் பின்னால் உருண்டு வரும். பின்னால் பார்க்க வண்டியில் ஒரு கண்ணாடி மாட்டிக்கொள்ளுங்கள். முந்தும்போது ஒன்றரை மீட்டர் இடம் விடச் சொல்லி 2022-ல் அவர்களுடைய சாலை விதிப்புத்தகத்தில் சேர்த்தார்கள், பெரும்பாலோர் விட்டார்கள். நம்மைப்போல இடதுபக்கம்தான், அது பெரிய நிம்மதி.

தெற்கிலிருந்து கிளம்புவது நல்லதுதான், அங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும், முதுகைத் தள்ளும். அப்புறம், பின் கியரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கியர் ஹேங்கர் ஒன்று உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். நான் போன விமானத்தில் பெட்டியைப் போட்ட வேகத்தில் என்னுடையது வளைந்துவிட்டது. மாற்று இல்லாமல், லேண்ட்ஸ் எண்ட் பக்கத்து ஊரான பென்சான்ஸில் ஒரு நாள் போச்சு.

அம்மாவுக்குத் தினமும் அங்கே மதியம் இரண்டு மணிக்குப் போன் செய்யுங்கள், இங்கே மாலை ஆறரை. பள்ளத்தாக்குகளில் சிக்னல் கிடைக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். நான் சொல்லவில்லை. என் மனைவி லண்டன் மச்சானை எழுப்பி, அவன் போலீசுக்குப் போகக் கிளம்பி, அது பெரிய கதை.

அல்சூர்_ஒத்தப்பெடல்:
அம்மா பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்: புளிக்காய்ச்சல் எத்தனை நாள் கெடாமல் இருந்தது?

ஆர்டிநகர்_சித்தப்பா:
கெடவில்லை. ஸ்காட்லாந்து எல்லைக்கு முன்னால் கார்லைலிலேயே தீர்ந்துபோனது. நல்லெண்ணெய் தாராளமாக விடச் சொல்லுங்கள், இரண்டு பாட்டிலாக.