இடியம் (மரபுத்தொடர்) அர்த்தம் தெரிகிறது, வாக்கியத்தில் போட்டால் தப்பாகிறது. எப்படிப் படிப்பது?

அரைகுறை_ஆங்கிலம்:
ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் ஸ்பீக்கிங்குக்காக ஒரு இடியம் பட்டியலை அர்த்தத்தோடு மனப்பாடம் செய்கிறேன். என்னைக் கவிழ்த்துவிட்டான் என்ற பொருளில் 'ஹீ புல்டு மை லெக்ஸ்' என்று சொன்னால் ஏன் தப்பு? கொட்டும் மழைக்கு 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' போட்டால் பேண்ட் (மதிப்பெண்) ஏறுமா?

கரும்பலகை:
அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு தப்பு இருக்கிறது.

முதலாவது அர்த்தம். நம் காலை வாருவது, கூட இருந்தே கவிழ்ப்பது. ஆங்கிலத்தில் காலை இழுப்பது வெறும் கலாய்ப்பு, விளையாட்டுப் பொய். உங்களுக்கு வேண்டியது 'ஹீ லெட் மீ டவுன்'. துரோகமே என்றால் 'ஹீ ஸ்டாப்டு (stabbed) மீ இன் த பேக்'; முதுகில் குத்துவது இரண்டு மொழியிலும் ஒன்றுதான்.

இரண்டாவது 'லெக்ஸ்'. இந்த இடியத்தில் கால் ஒருமைதான். யாருடைய கால், எந்தக் காலம் என்பது மட்டும் மாறும். அதனால் நோட்டில் எழுதும்போதே மாறும் இடத்தைக் கோடிட்டு எழுதுங்கள்: 'புல் ____ லெக்'.

எது எவ்வளவு வளையும் என்பதும் முக்கியம். 'ஸ்பில் த பீன்ஸ்' ரகசியத்தை உடைப்பது. கொட்டுவது வெளியிடுவதற்கும் பீன்ஸ் ரகசியத்துக்கும் நிற்பதால் 'த பீன்ஸ் வேர் ஸ்பில்டு' என்று செயப்பாட்டுவினையிலும் சொல்லலாம். 'கிக் த பக்கெட்' சாவது. அதில் பக்கெட் தனியாக எதற்கும் நிற்கவில்லை. 'த பக்கெட் வாஸ் கிக்டு' என்றால் யாரோ நிஜமாகவே வாளியை உதைத்திருக்கிறார்கள். இதைத் துக்கம் விசாரிக்கும் மெயிலில் போட்டுவிடாதீர்கள், 'மண்டையைப் போட்டார்' என்று எழுதியது மாதிரி ஆகிவிடும்.

திண்ணைவாசி:
தமிழில் ஜோடி தேடிப் படித்தால் சீக்கிரம் மனதில் நிற்கும். 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' அத்தி பூத்தாற்போல். நிலக்கரிக்குப் பேர்போன நியூகாசிலுக்கே கரி கொண்டுபோவது, கொல்லன் தெருவில் ஊசி விற்பது. ஒரே கல்லில் நமக்கு இரண்டு மாங்காய், அவர்களுக்கு இரண்டு பறவை.

பாதி பொருந்துகிறவைதான் ஆபத்து. 'சிட் ஆன் த ஃபென்ஸ்' மதில் மேல் பூனை மாதிரி தெரியும். ஆனால் பூனை எந்தப் பக்கம் குதிக்கும் என்று பார்ப்பவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். வேலிமேல் உட்கார்ந்தவர் எந்தப் பக்கமும் சேராமல் நழுவுகிறார் என்ற குத்தல் ஆங்கிலத்தில் உண்டு. 'பிரேக் த ஐஸ்' அறிமுகமில்லாதவர்களிடையே இறுக்கத்தைத் தளர்த்துவது. நாம் ஐஸ் வைப்பதற்கு அவர்கள் தடவுவது வெண்ணெய், 'பட்டர் அப்'.

தபால்பெட்டி:
ஆபீஸ் ஆங்கிலத்தில் நாடும் பார்க்கணும். மீட்டிங்கில் ஒன்றை 'டேபிள்' செய்வது பிரிட்டனில் விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் தள்ளிவைப்பது. நேர் எதிர்! இரண்டாம் உலகப் போரில் இரு நாட்டுப் படைத்தலைவர்களும் இந்த ஒரு சொல்லால் நீண்ட நேரம் வாக்குவாதம் செய்ததைச் சர்ச்சிலே எழுதியிருக்கிறார். மற்றதெல்லாம் சின்ன வித்தியாசம்: நம்பியும் நம்பாமலும் கேட்க பிரிட்டனில் 'எ பின்ச் ஆஃப் சால்ட்', அமெரிக்காவில் 'எ கிரெய்ன் ஆஃப் சால்ட்'.

கரும்பலகை:
பேண்ட் கேள்வியை விட்டுவிட்டேன். ஸ்பீக்கிங்கில் பேண்ட் 7-க்கான வரையறை கொஞ்சம் 'இடியமேட்டிக்' சொற்களைக் கேட்கிறது. அது பழமொழிப் பட்டியல் அல்ல. 'ரன் அவுட் ஆஃப் டைம்', 'மேக் அப் மை மைண்ட்' போல இயல்பாகச் சேர்ந்து வரும் சொற்களும் அதில் அடக்கம். நாயும் பூனையும் பாடப்புத்தக வாடை அடிக்கும், பேச்சில் 'இட்ஸ் பக்கெட்டிங் டவுன்' கேட்கலாம். ரைட்டிங் டாஸ்க் 2 கட்டுரையில் இரண்டுமே வேண்டாம், 'ஹெவி ரெயின்' போதும்.

அரைகுறை_ஆங்கிலம்:
கண் படக்கூடாது என்று இங்கே எல்லாரும் 'டச் வுட்' சொல்கிறார்களே, அது சரியா?

தபால்பெட்டி:
சரிதான், பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கரிடம் 'நாக் ஆன் வுட்'. நிஜமாகவே மேஜையைத் தட்டிக்கொண்டு சொல்வார்கள்.