ரோம் வீழ்ந்த மறுநாள் என்ன நடந்தது? தொடக்க இடைக்கால ஐரோப்பாவை வகுப்பில் எங்கிருந்து தொடங்குவது?

கரும்பலகை எழுதிய கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். பத்து ஆண்டுகளாகப் பள்ளியில் வரலாறு கற்பித்து வந்தாலும், தொடக்க இடைக்கால ஐரோப்பா என்னும் பாடம் இந்த ஆண்டுதான் என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. 476-இல் ரோமானியப் பேரரசு வீழ்ந்தது, காட்டுமிராண்டிகள் புகுந்தார்கள், இருண்ட காலம் சூழ்ந்தது, நிலமானிய முறை தோன்றியது, 800-இல் பிராங்கிய மன்னர் சார்லமேன் பேரரசராக முடிசூடினார் என்று நான்கே பக்கங்களில் 324 ஆண்டுகளைப் பாடநூல் கடந்துவிடுகிறது. எனக்குக் கிடைத்திருப்பவை ஆறு பாடவேளைகள்.

முதல் பாடவேளையிலேயே ஒரு மாணவி எழுந்து, "ரோம் விழுந்த மறுநாள் காலையில் அங்கிருந்தவர்கள் என்ன செய்தார்கள், மிஸ்?" என்று கேட்டாள். பயந்து ஓடியிருப்பார்கள் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்; அது சரியான பதில் இல்லை என்பது சொல்லும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து இரண்டு ஐயங்கள் என்னை விடவில்லை. இந்தப் பாடத்தை எங்கிருந்து தொடங்கினால் அது வெறும் பெயர்ப் பட்டியலாகாமல் இருக்கும்? 'இருண்ட காலம்' என்ற சொல்லைத் தேர்வுக்காகக் கற்றுக்கொடுத்துவிட்டு, அதே மூச்சில் அது தவறு என்றும் சொல்ல வேண்டுமா? இப்பாடத்தை நடத்திய அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓலைப்பெட்டி எழுதிய மறுமொழி:

உங்கள் மாணவியின் கேள்விக்கு நேரான பதில், பெரும்பாலானோர் வழக்கம்போல் வயலுக்குப் போயிருப்பார்கள் என்பதுதான். 476 செப்டம்பர் 4 அன்று நடந்த சம்பவம் ரோம் நகரில்கூட நடக்கவில்லை; ராவென்னாவில் நடந்தது. அங்கே அரியணையில் இருந்த சிறுவன் ரோமுலஸ் அகஸ்டுலஸை, இத்தாலியப் படையிலிருந்த ஓடோவாக்கர் என்ற தளபதி இறக்கிவிட்டார். சிறுவனின் பெயரால் உண்மையில் ஆண்டுகொண்டிருந்த தந்தை ஒரெஸ்டிஸ் அதற்குச் சில நாட்களுக்கு முன்பே கொல்லப்பட்டிருந்தார். மகன்மீது மட்டும் ஓடோவாக்கருக்கு இரக்கம் பிறந்தது. ஆண்டுக்கு 6,000 பொற்காசுகள் ஒதுக்கி, கம்பானியாவில் உறவினர்களோடு வாழுமாறு அவனை அனுப்பிவைத்தார். பேரரசின் சின்னங்கள் கிழக்குத் தலைநகரான கான்ஸ்டான்டினோபிளில் இருந்த பேரரசர் ஜீனோவிடம் போய்ச் சேர்ந்தன. மேற்குக்கென்று தனியாக ஒரு பேரரசர் இனித் தேவையில்லை, நீங்கள் ஒருவரே போதும் என்பதே அந்தத் தூதின் சாரம். இதற்கிடையே, கிழக்கு அரசு முறைப்படி ஏற்றுக்கொண்டிருந்த மேற்குப் பேரரசர் ஜூலியஸ் நேபோஸ், 480 வரை டல்மேஷியாவில் உயிரோடுதான் இருந்தார். ஆகவே 'கடைசிப் பேரரசர் யார்?' என்ற தலைப்பில் வகுப்பிலேயே ஒரு பட்டிமன்றம் நடத்தலாம். இரண்டு தரப்புக்கும் வாதம் உண்டு.

இத்தாலியில் அதன் பிறகும் செனட் கூடியது, கான்சல்கள் என்ற, ஆண்டுதோறும் மாறும் உயர் பதவியாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். 493 முதல் 526 வரை ஆண்ட கோத் இன மன்னர் தியோடரிக், சிறு வயதில் கான்ஸ்டான்டினோபிளில் பிணையாளாக வளர்ந்தவர். ரோமானிய நிர்வாகத்தையும் அதிகாரிகளையும் அவர் அப்படியே வைத்துக்கொண்டார். ரோம் நகரை உண்மையிலேயே நொறுக்கியது, அதை மீட்பதற்காகக் கிழக்கிலிருந்து பேரரசர் ஜஸ்டினியன் அனுப்பிய படையின் போர்தான். 535-இல் தொடங்கிய அந்தப் போர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்தது. 537-இல் நகரை முற்றுகையிட்ட கோத்துகள் நீர்க்குழாய்ப் பாலங்களை உடைத்தார்கள். சில ஆண்டுகளில் கொள்ளைநோயும் வந்து சேர்ந்தது. நானாக இருந்தால் 476-க்கு ஐந்து நிமிடமும் 537-க்கு அரை மணி நேரமும் கொடுப்பேன்.

'இருண்ட காலம்' என்ற கருத்தின் மூலம் 14-ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க். பழைய ரோமின்மீது அவருக்கு இருந்த காதலில், இடைப்பட்ட நூற்றாண்டுகள் எல்லாம் அவர் கண்ணுக்கு இருட்டாகத் தெரிந்தன. அந்தப் பார்வையை நாம் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டிய அவசியமில்லை.

நாணயப்பெட்டி எழுதிய மறுமொழி:

ஓலைப்பெட்டி ஐயா தந்த நிகழ்வுகளில் பிழை ஏதும் இல்லை. ஆனால் ஆட்சியாளர் மட்டும்தான் மாறினார், மற்ற எதுவும் மாறவில்லை என்ற எண்ணத்தோடு மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறினால் அதுவும் பிழைதான். இன்று பலரும் அந்தப் பக்கம் அதிகமாகச் சாய்ந்துவிட்டார்கள் என்பது என் கருத்து. இத்தாலியில் 476 அமைதியாகக் கடந்தது உண்மை. பிரிட்டனைப் பாருங்கள். 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமானிய நாணயங்கள் வருவது நின்றது. நாணயத்தோடு சம்பளம், சம்பளத்தோடு சந்தை, சந்தையோடு சக்கரத்தில் வனைந்த மட்பாண்டம், சுட்ட கூரை ஓடு, சுண்ணாம்புச் சாந்துக் கட்டடம் என்று ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. முன்பு பல வீடுகளில் இருந்த ஓட்டுக் கூரை, பின்னர் பெரிய மனிதர்களுக்கே எட்டவில்லை.

இதை மாணவர்களுக்குப் புரியவைக்க ஒரே ஒரு காட்சி போதும். 674-இல் வட இங்கிலாந்தில், நார்த்தம்பிரியா அரசின் வியர்மவுத்தில் பெனடிக்ட் பிஸ்கப் என்பவர் ஒரு மடாலயம் கட்டத் தொடங்கினார். கல் கட்டடம் எழுப்பக் கொத்தனார்களையும், சன்னல்களுக்குக் கண்ணாடி செய்யத் தெரிந்தவர்களையும் கடல் கடந்து காலியாவிலிருந்துதான் (இன்றைய பிரான்ஸ் பகுதி) அவர் வரவழைக்க வேண்டியிருந்தது. அந்த மடாலயத்திலேயே வளர்ந்த பீட் என்ற துறவி, கண்ணாடித் தொழில் அதுவரை பிரிட்டனில் அறியப்படாதது என்று எழுதி வைத்திருக்கிறார். உண்மையில் ரோமானியர் காலத்தில் அதே தீவில் கண்ணாடி செய்தார்கள். அது மறந்துபோயிற்று என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. தொழில் போனது ஒருபுறம் இருக்க, போனதன் நினைவும் போய்விட்டது என்பதை எந்தச் சொல்லால் குறிப்பது? 'இருள்' வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். 'வறுமை' என்ற சொல்லை என்னால் விட முடியாது.

அதே தீவில் 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சட்டன் ஹூ என்ற இடத்தில் 27 மீட்டர் நீளக் கப்பலோடு ஒரு பெருந்தலைவரைப் புதைத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். 1939-இல் அகழ்ந்தபோது, கிழக்கு ரோமானியப் பேரரசின் வெள்ளிப் பாத்திரங்களும், ஒவ்வொன்றும் வெவ்வேறு நாணயச் சாலையில் அடித்த 37 பிராங்கியப் பொற்காசுகளும் (பிராங்குகள் அன்று காலியாவை ஆண்ட ஜெர்மானிய இனத்தார்) அங்கே கிடைத்தன. அந்தக் காலத்துப் பிராங்கிய அணிகலன்களில் பதித்த செந்நிறக் கற்களை ஆராய்ந்தவர்கள், 5, 6-ஆம் நூற்றாண்டுக் கற்களில் பல இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவை என்று கண்டிருக்கிறார்கள். ஆக, தொலைதூர வணிகம் அறுந்துவிடவில்லை. அதன் பயன் யாருக்குக் கிடைத்தது என்பதுதான் சுருங்கிவிட்டது.

மைக்கூடு எழுதிய மறுமொழி:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். இந்தப் பாடத்தை மூன்று முறை நடத்தியிருக்கிறேன். முதல் இரண்டு முறையும் மன்னர்களின் பெயரில் தொடங்கித் தோற்றேன். பிள்ளைகள் குளோவிஸையும் குளோத்தாரையும் குழப்பிக்கொண்டு இரண்டாம் வாரமே சன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். மூன்றாம் முறை போடோ என்ற குடியானவரிடம் தொடங்கினேன். வகுப்பு கையில் நின்றது.

பாரிஸுக்கு வெளியே இருந்த சான் ஜெர்மேன் டெ பிரே மடாலயத்தின் தலைவர் இர்மினோன், 820-களை ஒட்டித் தம் மடாலயத்தின் நிலங்களையும் அவற்றில் இருந்த குடிகளையும் ஒரு பதிவேட்டில் எழுதச் செய்தார். ஏறக்குறைய இன்றைய கணக்குப்பிள்ளையின் நோட்டுப் போன்றது. அதில் ஒரு பதிவு: போடோ, அவர் மனைவி எர்மென்ட்ரூட், மூன்று பிள்ளைகள். எவ்வளவு விளைநிலம், எவ்வளவு திராட்சைத் தோட்டம், எவ்வளவு புல்வெளி என்ற கணக்கு. பிறகு கொடுக்க வேண்டியவை: படைச் செலவுக்கு 2 வெள்ளி ஷில்லிங், காட்டில் பன்றி மேய்க்கும் உரிமைக்கு இரண்டு அளவை திராட்சை மது, மூன்றாண்டுக்கு ஒருமுறை கூரைக்கு 100 மரச்சில்லுகள், 3 கோழி, 15 முட்டை. மடாலயத்தின் நிலத்தில் குளிர்காலப் பயிருக்கும் வசந்தகாலப் பயிருக்கும் இவ்வளவு உழ வேண்டும் என்ற அளவும் உண்டு. வாரந்தோறும் செய்ய வேண்டிய வேலைக்கும் கணக்கு உண்டு; வண்டி ஓட்டுதலுக்கு மட்டும் அளவு குறிப்பிடாமல், ஆணையிடப்படும்போது செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறது.

இந்தப் பதிவைத் தமிழில் அரைப் பக்கமாக எழுதி நகலெடுத்துக் கொடுத்தேன். முட்டையைக்கூட எண்ணி எழுதியவர்கள் வண்டி வேலையை ஏன் எண்ணவில்லை என்று பின்வரிசை மாணவன் ஒருவன் கேட்டான். நிலமானிய முறையைப் பற்றி நான் சொல்ல நினைத்ததில் பாதி அந்தக் கேள்வியிலேயே வந்துவிட்டது. ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள்: மேலே அரசன், கீழே பிரபு, அதற்கும் கீழே வீரன், அடியில் குடியானவன் என்று பாடநூலில் வரும் கூம்புப் படத்தை இந்தக் காலத்துக்குப் போடாதீர்கள். போடோ மடாலயத்துக்குக் கட்டுப்பட்ட உழவர். கற்கோட்டையும் கவசக் குதிரைவீரனும் நிறைந்த அந்தப் படம் பிந்தைய நூற்றாண்டுகளுக்கு உரியது.

அடுத்ததாகப் பிராங்குகளின் சாலிக் சட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். சுதந்திரமான பிராங்கைக் கொன்றால் 200 சாலிடஸ் பொற்காசு ஈட்டுத்தொகை; நிலமுடைய ரோமானியரைக் கொன்றால் 100; பிள்ளை பெறும் வயதுப் பெண்ணைக் கொன்றால் 600, அந்த வயது கடந்தவருக்கு 200. பன்றித் திருட்டுக்கு மட்டுமே ஒரு தனித் தலைப்பு. அந்தச் சமூகம் எதற்கு அஞ்சியது, யாரை எப்படி மதித்தது என்பதைத் தொகைகளைக் கொண்டே மாணவர்கள் கண்டுபிடிக்கட்டும். பாடநூல் காட்டுமிராண்டிகள் என்று அழைத்த இனத்தார் பழிவாங்கலை அடக்கச் சட்டத்தை லத்தீனில் எழுதி வைத்துக்கொண்டார்கள் என்பதை அப்போது நீங்கள் சொல்லவே வேண்டியிருக்காது.

சார்லமேனுக்கு வரும்போது, 800 கிறிஸ்துமஸ் நாளில் போப் மூன்றாம் லியோ முடிசூட்டியதை எல்லோரும் சொல்வார்கள். நான் 794-இல் பிராங்பர்ட்டில் அவர் வெளியிட்ட ரொட்டி விலையைச் சொல்வேன்: ஒரு வெள்ளிக் காசுக்கு இரண்டு பவுண்டு எடையுள்ள கோதுமை ரொட்டி 12, கோதுமைக்கு நெருங்கிய தானியமான ரை ரொட்டியாக இருந்தால் 15, பார்லி 20, ஓட்ஸ் 25. ஒரு பவுண்டு வெள்ளிக்கு 240 காசு, 12 காசு ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்ற அவர் காலத்துக் கணக்கு இங்கிலாந்தில் 1971 வரை புழங்கியது. முதுமையில் எழுதப் பழகுவதற்காகத் தலையணைக்கு அடியில் எழுத்துப் பலகை வைத்திருந்தும், கை பழகவில்லை என்று அவர் வாழ்க்கையை எழுதிய ஐன்ஹார்ட் சொல்கிறார். பாக்தாதின் கலீஃபா ஹாரூன் அல் ரஷீத் அனுப்பி 802-இல் சார்லமேனின் அரண்மனை இருந்த ஆஹன் நகருக்கு வந்து சேர்ந்த யானையையும் விட்டுவிடாதீர்கள். ஆறாம் பாடவேளையில் தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான்.

வரைபடத்துக்கு, சார்லமேனின் பேரர்கள் மூவர் பேரரசைப் பங்கிட்டுக்கொண்ட 843 வெர்டூன் உடன்படிக்கை. அதற்கு முந்தைய ஆண்டு ஸ்ட்ராஸ்பர்க்கில், அந்தப் பேரர்களில் ஜெர்மானிய மொழி பேசும் பகுதியின் லூயி, லத்தீனிலிருந்து பிறந்த ரோமான்ஸ் மொழியிலும், அவர் தம்பி சார்லஸ் ஜெர்மானிய மொழியிலும் உறுதிமொழி எடுத்தார்கள், எதிர்ப்பக்கத்துப் படைவீரருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக. லத்தீனைப் படைவீரர்கள் பேசாத காலம் வந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வகுப்புக்குத் தேவையில்லை.

செம்மைப்பேனா எழுதிய மறுமொழி:

தேர்வுத்தாள் திருத்துகிறவன் என்ற முறையில் ஒரு சொல். வீழ்ச்சிக்கான காரணங்கள் கேட்கப்பட்டால் பாடநூலில் உள்ளதை எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது. 'மேற்கு ரோமானியப் பேரரசு' என்று 'மேற்கு' சேர்த்து எழுதுவதை மட்டும் கட்டாயமாக்குங்கள். கிழக்கில் அது 1453 வரை நின்றது. 'இருண்ட காலம் என்று முற்கால அறிஞர்கள் அழைத்தனர்' என்று வாக்கியத்தை அமைத்தால் விடைக்குறிப்பும் நிறைவேறும், பொய்யும் எழுதியதாகாது.

கரும்பலகை எழுதிய மறுமொழி:

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று போடோவின் பதிவை வகுப்பில் படித்தோம். எர்மென்ட்ரூட்டின் வேலையைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லையே என்று மாணவிகள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அடுத்த வேளை அதற்கே போய்விடும் போலிருக்கிறது. நாணயப்பெட்டி அவர்கள் சொன்ன கண்ணாடிக் கதையை மூன்றாம் வேளைக்கு எடுத்து வைத்திருக்கிறேன். முதல் நாள் கேள்வி கேட்ட மாணவிக்கு ராவென்னாவைப் பற்றிச் சொன்னேன். அவள் விடவில்லை: "அது 476-ஆம் ஆண்டு என்று அவர்களுக்குத் தெரியுமா, மிஸ்?"

ஓலைப்பெட்டி எழுதிய மறுமொழி:

தெரியாது என்று சொல்லுங்கள். கிறிஸ்து பிறந்ததிலிருந்து எண்ணும் முறையை டயோனிசியஸ் என்ற துறவி 525-இல்தான் வகுத்தார். அதைப் பரப்பியவர்களில் முதன்மையானவர், 731-இல் தம் வரலாற்றை முடித்த அதே பீட். ஓடோவாக்கரின் காலத்தில் ஆண்டுக்குக் கான்சல்களின் பெயரைத்தான் சொன்னார்கள். அவர்களுக்கு அது பசிலிஸ்கஸும் அர்மாட்டஸும் கான்சல்களாக இருந்த ஆண்டு.