புதுப்பிப்பு: புல்வெளி ஆய்வு ஊர்க்காரர்களிடம் போய்ச் சேர்ந்தது

நீலகிரியின் மேல்மலைப் புல்வெளிகளைச் சீகை மரங்கள் (வெளிநாட்டிலிருந்து வந்த வாட்டில் மரங்கள்) விழுங்குவது பற்றிய எங்கள் ஆய்வுக் கட்டுரையை யாரும் படிப்பதில்லையே, சமூக ஊடகம் உதவுமா என்று இந்த இழையில் முன்பு கேட்டிருந்தேன். உதவுகிறது.

நீங்கள் சொன்னபடி சாரத்தைத் தமிழில் எழுதி, அவலாஞ்சிப் புல்வெளிப் படத்தோடு ஃபேஸ்புக்கிலும் எக்ஸ் தளத்திலும் வெளியிட்டேன். ஒவ்வொரு பதிவிலும் கட்டுரையின் டிஓஐ (ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரைக்கும் உரிய நிலையான இணைய அடையாள எண்) இணைப்பைச் சேர்த்தேன். இது முக்கியம். ஆல்ட்மெட்ரிக் போன்ற கருவிகள் பெரும்பாலும் அத்தகைய இணைப்புகளை வைத்தே கட்டுரை எங்கெல்லாம் பேசப்படுகிறது என்று கணக்கெடுக்கின்றன. முதல் பக்கத்தை வெறும் படமாகப் பகிர்ந்தால் கணக்கில் வராது. அந்த எண்ணும் கவனத்தைத்தான் காட்டும், ஆய்வின் தரத்தை அல்ல. இதழின் விதி அனுமதித்ததால், இதழ் ஏற்றுக்கொண்ட, அச்சு வடிவமைப்புக்கு முந்தைய படியைப் பல்கலைக்கழக இணையக் களஞ்சியத்தில் எல்லாரும் படிக்க வைத்துவிட்டோம்.

எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. கோத்தகிரிப் பக்கத்து விவசாயி ஒருவர், சீகை பெருகிய பின் தம் ஊர் ஊற்று வற்றிவிட்டதாக எழுதினார். அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. ஆனால் அடுத்த களப்பணியில் அந்த ஊற்றையும் சேர்த்திருக்கிறோம்.

படம் வெளியிடும் மாணவர்களே, அரிய ஆர்க்கிட் செடிகளின் இருப்பிடத்தைத் தயவுசெய்து குறிப்பிடாதீர்கள். பறித்துப்போக ஆள் இருக்கிறார்கள்.