ஹெட்போனுக்குள் அபே ரோடு: என் காதுமடல் எங்கே?

தனியறை:
"அபே ரோடு ஸ்டூடியோ 3 பிளக்இன் இருந்தால் ஸ்பீக்கரே வேண்டாம்" என்று நேற்று ஒருவர் இங்கே அடித்துச் சொல்லியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. லண்டனின் அபே ரோடு ஸ்டூடியோ அறையில் ஸ்பீக்கர் முன் உட்கார்ந்து கேட்பதுபோல் ஹெட்போனில் ஒலிக்கச் செய்யும் மென்பொருள் அது. அது தலையின் சுற்றளவைக் கேட்கிறது. பின்னந்தலை வழியாகக் காதுக்குக் காது எவ்வளவு தூரம் என்று கேட்கிறது. காதுமடலின் வடிவத்தை எங்கே கேட்கிறது? ஒலி முன்னாலிருந்து வருகிறதா, பின்னாலிருந்தா என்பதை மூளை அறிவது பெரும்பாலும் காதுமடலின் மடிப்புகளால்தான். எனக்குப் பாடகியின் குரல் எதிரே நிற்கவில்லை, நெற்றிக்கு மேலே மிதக்கிறது.

மாடிவீடு:
சொன்னவன் நான்தான். என் அறையின் நீளம் 3 மீட்டர். அந்த நீளத்துக்கு 57 ஹெர்ட்ஸ் ஒலி சுவர்களுக்கிடையே மோதி நிலைத்து நிற்கும். பேஸ் கிட்டார் அந்தப் பக்கம் இறங்கினால் சுவரோரம் இடிக்கிறது, நடு அறையில் காணாமல் போகிறது. ஹெட்போனில் இந்தத் தொல்லை இல்லை. பத்து வருடமாக ஹெட்போனில் பாட்டு மிக்ஸ் செய்துதான் பிழைக்கிறேன்.

தனியறை:
57 ஹெர்ட்ஸை யார் கேட்டது? காதுமடலைக் கேட்டேன்.

தொப்பிநாதம்:
வலது ஸ்பீக்கரின் ஒலி இடது காதுக்கும் போகிறது, சுமார் கால் மில்லி விநாடி தாமதமாக. வெறும் ஹெட்போனில் அது கிடையாது. அதனால்தான் மிருதங்கத்தின் வலந்தலையும் தொப்பியும் இரண்டு ஊரில் வாசிப்பதுபோல் விலகி நிற்கின்றன. அந்தக் கலப்புக்காக மட்டுமே நான் இதைப் பயன்படுத்துகிறேன்.

தனியறை:
அந்தக் கலப்பை, ஒரு பக்க ஒலியில் கொஞ்சத்தை மறுகாதுக்கும் விடும் எளிய கிராஸ்ஃபீடே கொடுத்துவிடும். அறை என்று பெயர் வைத்து விற்கிறார்களே, அந்த அறையை யாருடைய காதுமடலால் அளந்தார்கள்? என்னுடையதால் அல்ல.

மாடிவீடு:
தலை திரும்புவதை மென்பொருள் பின்தொடர கேமராவைப் போட்டுத் தலையைத் திருப்பிப் பாருங்கள். குரல் எதிரே வந்து நிற்கும். முயன்று பார்க்காமல் பேசுவது உங்கள் வழக்கம்.

தனியறை:
இரண்டு வாரம் முயன்றேன். முயலாமல் பேசியது யார்? போன தீபாவளிக்கு நீங்கள் அனுப்பிய பாட்டில் பிளக்இன்னை அணைக்காமலே கோப்பை ஏற்றுமதி செய்திருந்தீர்கள். அந்தப் போலி அறையும் பாட்டோடு பதிந்துவிட்டது, காரில் போட்டால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

மாடிவீடு:
ஒரே ஒரு முறை. அன்று மாலையே திருத்தி அனுப்பினேன். அந்தப் பாட்டுக்கான மீதிப் பணம் இன்னும் வரவில்லை என்பதையும் எழுதுங்கள்.

தொப்பிநாதம்:
பணத்தைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.

தனியறை:
திருத்தியதிலும் தொப்பி அமுங்கித்தான் இருந்தது, அதனால்தான் பணம் நிற்கிறது. அது கிடக்கட்டும். காதுமடலுக்கு இன்னும் பதில் வரவில்லை.

மாடிவீடு:
57 ஹெர்ட்ஸுக்கு நீங்கள் சொன்னீர்களா?